புதுப்பிப்பு: வலமிருந்து இடமாக நகலெடுக்கும் கட்டளை ஏற்கெனவே இருக்கிறது

ஐபிஎம்மின் பெரிய கணினியான மெயின்பிரேமுக்கு நேரடியாக நிரல் எழுதும் அசெம்பளர் மொழியில் என்னென்ன புதுக் கட்டளைகள் வரலாம் என்று போன வாரம் கேட்டிருந்தேன். நான் முதலில் ஆசைப்பட்டது, வலது ஓரத்திலிருந்து நகர்த்தும் ஒரு எம்விசி (நினைவகத்தில் பைட்டுகளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகலெடுக்கும் கட்டளை). ஒரு அண்ணன் பதில் போட்டிருந்தார்: 2019-இல் வந்த இசட்15 மெயின்பிரேமிலேயே அது இருக்கிறதாம், பெயர் எம்விசிஆர்எல். கையேட்டைப் பார்த்தேன், உண்மைதான். அவருக்கு மனமார்ந்த நன்றி.

எதற்கு இது? 12345-ஐ ஒரு பைட் வலப்பக்கம் தள்ள எம்விசி போட்டால் 111111 ஆகிவிடும். இடமிருந்து ஒவ்வொரு பைட்டாக எழுதிக்கொண்டே போவதுதான் காரணம். எம்விசிஆர்எல் போட்டால் 112345. முதல் இடத்தில் புது எழுத்தை வைத்துக்கொள்ளலாம். பாம்பன் கரையில் வரிசையாக ஏற்றிக் கிடக்கும் நாட்டுப்படகுகளுக்கு நடுவே இன்னொன்றுக்கு இடம் விடவும் கடைசிப் படகைத்தானே முதலில் நகர்த்துகிறோம்!

நகர்த்த வேண்டிய நீளத்தில் ஒன்றைக் குறைத்து, செயலியின் ரிஜிஸ்டர் 0-இல் வைக்க வேண்டும். அதனால் நீளம் மாறினாலும் எம்விசிக்கு ஓடும்போது நீளத்தை மாற்றித் தரும் எக்ஸிக்யூட் கட்டளை தேவையில்லை. எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்தது. அதிகபட்சம் 256 பைட்தான். பழைய இயந்திரமும் இருந்தால், இயந்திரத்தில் என்னென்ன வசதிகள் உண்டு என்று சொல்லும் எஸ்டிஎஃப்எல்இ கட்டளை மூலம் 61-ஆம் பிட்டைப் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

அப்புறம், 256 பைட்டைத் தாண்டும் வடிவம் வேண்டும் என்ற என் கோரிக்கை அப்படியே நிற்கிறது.