25,000 ரூபாய்க்குள் லினக்ஸுக்கு லேப்டாப்: புதுசா, பழசா?

அம்பைத் தம்பி:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். தங்கச்சி பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்திருக்கிறாள். சி, பைத்தான், கொஞ்சம் டேட்டாபேஸ், அவ்வளவுதான் வேலை, கேம் எல்லாம் கிடையாது. விண்டோஸ் இல்லாமல் லினக்ஸ் மட்டும் போட்டு ஓட்ட வேண்டும் என்கிறாள். ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் புதுசாகவே இந்த விலைக்குள் ஒன்று காட்டினார்கள்: செலரான் பிராசஸர், 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி ஸ்டோரேஜ். வாரண்டி இருப்பதால் அப்பாவுக்கு அதுதான் பிடித்திருக்கிறது. வாங்கலாமா? எங்கள் ஊரில் கரண்ட் வேறு அடிக்கடி போகும்.

வண்ணார்பேட்டை வாசி:
வேண்டாம் தம்பி. பிரவுசரில் நாலைந்து டேப், பக்கத்தில் புரோகிராம் எழுதும் விஎஸ் கோடு (VS Code) என்று திறந்தாலே 4 ஜிபி திணறிவிடும், அந்த ரகத்தில் பெரும்பாலும் ரேமை போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், பிறகு கூட்டவும் வழியில்லை. அந்தக் காசுக்கு கம்பெனிகள் கழித்துவிட்ட பிசினஸ் மாடல் பாருங்கள். லெனோவோ திங்க்பேட் டி480, டெல் லாட்டிட்யூட் 7490, எச்பி எலைட்புக் 840 ஜி5, மூன்றும் 2018இல் வந்தவை, மூன்றிலும் லினக்ஸ் நன்றாக ஓடும். நான் டி480 தான் சொல்வேன். இரண்டு ரேம் ஸ்லாட் உண்டு. உள்ளே ஒரு பேட்டரி, வெளியே ஒரு பேட்டரி. கரண்ட் இல்லாத நேரத்தில் மெஷினை அணைக்காமலே வெளிப் பேட்டரியைக் கழற்றி வேறொன்றை மாட்டலாம். பெயரில் கடைசியில் எஸ் இருந்தால் (டி480எஸ்) அது வேறு மாடல், இந்த வசதி கிடையாது.

மேலப்பாளையம் சர்வீஸ்:
அண்ணாச்சி சொன்னது சரி, ஆனால் டி480 என்ற பெயரை மட்டும் நம்பிக் காசு கொடுக்காதீங்க. 7ஆம் தலைமுறை பிராசஸரோடும் அது வந்திருக்கிறது. ஐ5-8250யு அல்லது 8350யு என்று இருக்கிறதா பாருங்கள். 1366×768 ஸ்கிரீனும் உண்டு, நாள் முழுக்க புரோகிராம் பார்க்கிற பிள்ளைக்கு அது ஆகாது, ஃபுல் எச்டி கேளுங்கள். லினக்ஸில் ஒரு வகையான லினக்ஸ் மின்ட்டை ஒரு பென்டிரைவில் ஏற்றி எடுத்துப் போய், கடையிலேயே மெஷினை அதிலிருந்து பூட் செய்யச் (தொடங்கச்) சொல்லுங்கள். வைஃபை, சவுண்ட், கேமரா பாருங்கள், மூடியை மூடித் திறந்து தூங்கி எழுகிறதா பாருங்கள், எல்லா கீயையும் ஒருமுறை அடித்துப் பாருங்கள். பேட்டரி புதிதில் எவ்வளவு பிடித்தது, இப்போது எவ்வளவு பிடிக்கிறது என்பதும் மின்ட்டிலேயே தெரியும். பயாஸில் (மெஷினை இயக்கியதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) பாஸ்வேர்டு இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீங்க. வாங்கினதும் தண்டர்போல்ட் ஃபர்ம்வேரை (டைப்-சி போர்ட்டை இயக்கும் சிப்பின் உள் மென்பொருள்) புதுப்பித்துவிடுங்கள், பழைய ஃபர்ம்வேரால் டைப்-சி போர்ட் செத்துப்போன டி480கள் நிறைய.

அம்பைத் தம்பி:
ரொம்ப நன்றி அண்ணாச்சி. அப்பாவிடம் பேசிவிட்டேன், சனிக்கிழமை பென்டிரைவோடு கிளம்புகிறோம். தமிழ்99 விசைப்பலகை மின்ட்டில் வருமா? அவள் தமிழிலும் எழுதுவாள்.

வண்ணார்பேட்டை வாசி:
தாராளமாக வரும். ஐபஸ் (பல மொழிகளில் தட்டச்சு செய்ய உதவும் மென்பொருள்), அதோடு விசைப்பலகைகள் அடங்கிய எம்17என் (ibus-m17n) பொதியையும் நிறுவினால் பட்டியலில் தமிழ்99 இருக்கும். சனிக்கிழமை போகும்போது என்விடியா கிராபிக்ஸ் கார்டு உள்ள டி480 காட்டினால் விட்டுவிடுங்கள், அவள் வேலைக்கு அது தேவையே இல்லை, டிரைவர் தொல்லைதான் மிச்சம். ரேம் 8 ஜிபி இருந்தால் இப்போதைக்குப் போதும், மிச்சக் காசை நல்ல எஸ்எஸ்டியில் போடுங்கள்.