உதவித்தொகையா, ஊதிய ஈடா?

> வேலையில்லாதவருக்குத் தரும் பணம் எல்லாவற்றுக்கும் ‘உதவித்தொகை’ என்ற ஒரே சொல் போதாதா?

போதாது ஐயா. வேலையில்லாதவருக்குத் தரும் பணத்தை 2005இல் மாற்றியமைத்த ஜெர்மனியின் ஹார்ட்ஸ் சீர்திருத்தம் பற்றிய கட்டுரையைத் தமிழில் எழுத உட்கார்ந்தபோது இந்தச் சொல்லில்தான் முட்டிக்கொண்டேன். உதவித்தொகை என்றதும் நம் நினைவுக்கு வருவது தமிழக அரசின் திட்டம்: வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருடம் காத்திருந்த பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய். அது அரசு பார்த்துத் தருவது.

ஜெர்மனியில் அப்படி இல்லை. வேலையிழப்புக் காப்பீட்டுக்காகச் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்தம் போகும். வேலை போனால், கைக்கு வந்துகொண்டிருந்த சம்பளத்தில் 60 விழுக்காடு, பிள்ளை இருந்தால் 67. அது குறிப்பிட்ட காலத்துக்குத்தான். அந்தக் கெடு முடிந்த பிறகும் 2004 வரை இன்னொரு தொகை வந்தது. வரிப்பணம்தான்; ஆனாலும் பழைய சம்பளத்தையே அளவுகோலாகக் கொண்டு 53 அல்லது 57 விழுக்காடு கிடைத்தது. முப்பது வருடம் ஆலையில் உழைத்தவருக்கு அந்த உழைப்பின் தடம் அதில் இருந்தது.

2005 ஜனவரி 1 முதல் இந்த இரண்டாவது தொகையை ஏழைகளுக்கான சமூக உதவியோடு கலந்து எல்லோருக்கும் ஒரே அளவாக்கினார்கள். வாடகை போகத் தனியாளுக்கு மேற்கில் 345 யூரோ, கிழக்கில் 331. அதற்கு 16 பக்க விண்ணப்பம். சேமிப்பு எவ்வளவு, கார் உண்டா, கூட வாழ்பவரின் வருமானம் என்ன? முதலில் பிள்ளைகளின் சேமிப்புக் கணக்கைக்கூட விடவில்லை. எதிர்ப்பு கிளம்பிய பிறகே தளர்த்தினார்கள். 2004 கோடையில் கிழக்கு ஜெர்மனியின் மாக்டபுர்க் நகரில் தொடங்கிய திங்கட்கிழமை ஊர்வலங்களை ‘உதவித்தொகையைக் குறைத்ததால் வந்த கோபம்’ என்று எழுதினால் பாதிதான் புரியும். உழைத்துப் பெற்ற உரிமை என்று எண்ணியிருந்தவரைக் கையேந்தி நிற்க வைத்ததுதான் மீதிப் பாதி.

அதைச் செய்தது தொழிலாளர் கட்சியாகவே வளர்ந்த சமூக ஜனநாயகக் கட்சி. 2005 மே மாதம், 39 வருடம் கையில் வைத்திருந்த நார்த் ரைன் வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தை இழந்தது. அக்கட்சியைச் சேர்ந்த ஆட்சித் தலைவர் (சான்சலர்) ஷ்ரோடர் முன்கூட்டியே தேர்தலுக்குப் போனார், பதவியும் போயிற்று. கட்சியைவிட்டு வெளியேறிய தொழிற்சங்கக்காரர்கள் கிழக்கின் இடதுசாரிகளோடு சேர, 2007இல் இடது கட்சி பிறந்தது. 2002இல் 38.5 விழுக்காடு வாங்கிய சமூக ஜனநாயகக் கட்சி 2009இல் 23க்கு இறங்கியது. எல்லாமே இதனால் என்று சொல்லமாட்டேன். ஓய்வு வயதை 67 ஆக்கியதும் சேர்ந்துகொண்டது. ஆனால் முதல் விரிசல் இங்கேதான்.

ஆகவே, பழைய சம்பளத்தை ஒட்டி வரும் தொகைக்கு ‘ஊதிய ஈடு’ என்கிறேன். இழந்ததற்கு ஈடு என்ற பொருள் சொல்லிலேயே நிற்கிறது.

> 2005இல் வந்த அந்த ஒரே அளவுத் தொகைக்குப் ‘பிழைப்பூதியம்’?

அது ஏற்கெனவே தற்காலிகப் பணிநீக்கத்தில் இருக்கும் அரசு ஊழியருக்குரிய சொல். அப்புறம், ஊதியத்தோடு இருந்த உறவை அறுத்த தொகைக்குள் ‘ஊதியம்’ இருப்பது இடிக்கிறது. ‘பிழைப்புப்படி’ எனலாம், பஞ்சப்படி, பயணப்படி என்று படி நம் காதுக்குப் பழகியதுதான். இப்போது எழுதிப் பாருங்கள்: ‘ஊதிய ஈட்டிலிருந்தவரைப் பிழைப்புப்படிக்கு இறக்கினார்கள்.’ ஊர்வலம் ஏன் கிளம்பியது என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

சரி, அந்த 16 பக்கத் துருவலுக்கும் ஒரு சொல் வேண்டும். ‘வசதிச் சோதனை’ என்று குறித்து வைத்திருக்கிறேன். வருமான வரிச் சோதனை போல ஒலிக்கிறதோ என்று தயக்கம். ‘வசதி ஆய்வு’ மேலா? வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் கட்டுரையில் சேர்த்துவிடுவேன்.