டாட்ஜ், பர்ன்: தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

இருவர் சேர்ந்து நிற்கும் உருவப்படத்தைத் திருத்தும் முறை பற்றிய கையேட்டில் ஓர் இடத்தில் நிற்கிறேன். ஜன்னலோரம் நிற்பவர் முகம் நல்ல வெளிச்சம். பக்கத்தில் இருப்பவர் முகம் முக்கால் ஸ்டாப் இருட்டு (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்காவது அல்லது பாதியாவது). படம் முழுவதற்கும் எக்ஸ்போஷரைக் கூட்டினால் முதல் முகத்தின் நெற்றி வெளிறிவிடும். ஆகவே இருண்ட முகத்தை மட்டும் டாட்ஜ் (அந்த இடத்தை மட்டும் வெளிச்சமாக்குவது), அந்த நெற்றியை மட்டும் பர்ன் (அந்த இடத்தை மட்டும் இருட்டாக்குவது). இப்போதைக்கு ‘வெளுத்தல், கருக்கல்’ என்று போட்டிருக்கிறேன். ‘எரித்தல்’ வேண்டாம், அது எப்போதோ சிடிக்குப் போய்விட்டது.

---

> வெளுத்தல், கருக்கல்

கருக்கல் என்றால் அந்தி நேரம். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம், ‘வெளுத்தல்’ கூடவே கூடாது. முகம் இருக்கும் படத்தில் அந்தச் சொல்லைப் பார்த்தால் ஆளைச் சிவப்பாக்கும் வேலை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ஒருவர் மாநிறம், மற்றவர் கறுப்பு என்றால் திருத்திய பிறகும் அப்படியே இருக்க வேண்டும். சமன் செய்வது முகத்தில் விழுந்த வெளிச்சத்தை மட்டும். எது வெளிச்சம், எது நிறம் என்று தெரியாவிட்டால் இருவரின் கண் வெள்ளையையும் ஒப்பிடுங்கள். இருவரும் வெள்ளைத் துணி உடுத்தியிருந்தால் இன்னும் எளிது. அவை ஒரே அளவில் இருந்தால் மிச்ச வேறுபாடு தோலுடையது. அதைத் தொடாதீர்கள்.

---

சொல்லின் மூலத்தையும் பார்த்துவிடுவோம். ஃபிலிமிலிருந்து படத்தை அச்சிடும் இருட்டறையில், தாளில் எவ்வளவு ஒளி விழுகிறதோ அவ்வளவு கறுக்கும். மொத்தம் 10 விநாடி ஒளி கொடுக்கும்போது, கம்பியில் ஒட்டிய சிறு அட்டை வட்டத்தை முகத்தின் மேல் 2 விநாடி ஆட்டிக்கொண்டே பிடித்தால் அந்த இடம் ஏறக்குறைய மூன்றில் ஒரு ஸ்டாப் வெளிச்சமாக வரும். அது டாட்ஜ். ஆட்டாமல் பிடித்தால் வட்டத்தின் ஓரம் அப்படியே பதிந்துவிடும். அட்டையில் துளையிட்டு நெற்றிக்கு மட்டும் இன்னொரு 10 விநாடி கொடுத்தால் அங்கே ஒரு ஸ்டாப் கறுக்கும். அது பர்ன். ஆக, டாட்ஜுக்கு ‘மறைத்தல்’ என்பதே நேர்ப்பொருள். ஆனால் திரையில் படத்தைத் திருத்துகிறவருக்கு அந்தச் சொல்லால் ஒன்றும் விளங்காது.

---

என் பரிந்துரை: ஒளி தீட்டல், நிழல் தீட்டல். இரண்டையும் சேர்த்து ஒளிநிழல் தீட்டல். கை செய்கிற வேலையும் அதுதானே. கண்ணுக்கு மை தீட்டுவது போல, கொஞ்சம் கொஞ்சமாக.

கையேட்டின் படியில் வைத்துப் பாருங்கள்:

“50 விழுக்காடு சாம்பல் நிரப்பிய புது லேயரை (படத்தின் மேல் வரும் அடுக்கு) சாஃப்ட் லைட் என்ற கலப்பு முறையில் வையுங்கள், படத்தில் மாற்றமே தெரியாது. ஓரம் மென்மையான பிரஷ், ஃப்ளோ (ஒரு இழுப்பில் பிரஷ் விடும் வண்ணத்தின் அளவு) 2 அல்லது 3 விழுக்காடு. வெள்ளையால் ஒளி தீட்டுங்கள், கறுப்பால் நிழல் தீட்டுங்கள்.”

ஃப்ளோவை 20 விழுக்காட்டில் வைத்தால் முதல் இழுப்பிலேயே கன்னத்தில் திட்டு விழும். பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே தீட்டினாலும் அளவு மீறும். அடிக்கடி 25 விழுக்காட்டுக்குச் சுருக்கிப் பார்க்க வேண்டும். கர்வ்ஸ் (கோட்டை வளைத்து வெளிச்ச அளவை மாற்றும் கருவி) வழியாக நிழல் தீட்டுகிறவர்களுக்குத் தோல் ஆரஞ்சாகும். அந்த லேயரை, நிறத்தைத் தொடாமல் வெளிச்சத்தை மட்டும் மாற்றும் லுமினாசிட்டி முறைக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

---

> ஒளி தீட்டல்

கத்தி தீட்டுவதும் தீட்டல்தானே? ஷார்ப்பன் என்று நினைத்துவிட மாட்டார்களா?

---

மாட்டார்கள். அதற்குக் ‘கூர்மையாக்கல்’ நிலைத்துவிட்டது. ‘ஒளி’, ‘நிழல்’ என்ற முன்சொல்லும் கூடவே வருகிறது. (திருத்தம் படத்தில் எங்கே படலாம் என்று வரையறுக்கும் மாஸ்க்கை ‘முகமூடி’ என்று எழுதிய விளக்கங்களோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. உருவப்படப் பாடத்தில் “முகத்துக்கு முகமூடி போடவும்” என்று வந்தால் படிப்பவர் என்ன செய்வார்?)

படத்தைப் பார்த்துக் கருத்துச் சொல்கிற இடத்திலும் இந்தச் சொல் உதவும். “முகம் ஒட்டவைத்த மாதிரி இருக்கிறது” என்றால் திருத்தியவருக்கு எங்கே கைவைப்பது என்று தெரியாது. “வலப்பக்கம் இருப்பவரின் தாடையோரம் ஒளி தீட்டல் முடிக்குள் கசிந்திருக்கிறது, பாதியாகக் குறைக்கவும்” என்றால் இரண்டு நிமிட வேலை.

---

ஏற்கிறேன். கருவிப் பெயராக ‘ஒளி தீட்டி’, ‘நிழல் தீட்டி’ என்று போடுகிறேன். இருட்டறை பற்றிய அடிக்குறிப்பில் மட்டும் ‘மறைத்தல்’ இருக்கட்டும். அங்கே பர்னுக்கு ‘மிகையொளி’ என்று எழுதலாமா? ஓவர் எக்ஸ்போஷரோடு மோதுகிறதே என்று தயங்குகிறேன்.