நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே அறையில்: வாரத் திட்டத்தை எவ்வாறு அமைப்பது?

கேள்வி
கரிசல் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். விருதுநகர் மாவட்டத்தில் ஈராசிரியர் தொடக்கப் பள்ளி ஒன்றில் பணியாற்றுகிறேன். தலைமையாசிரியர் முதல் மூன்று வகுப்புகளைப் பார்த்துக்கொள்கிறார். நான்காம் வகுப்பில் 9 பேரும் ஐந்தாம் வகுப்பில் 12 பேருமாக 21 பிள்ளைகள் என் அறையில் இருக்கிறார்கள். தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று வகுப்புக்கு ஐந்து வீதம் பத்துப் பாடங்களை ஒவ்வொரு வாரமும் நகர்த்தியாக வேண்டும்.

இப்போதைக்குப் பாடவேளையைப் பாதியாகப் பிரித்து, முதல் இருபது நிமிடம் நான்காம் வகுப்புக்கும் அடுத்த இருபது நிமிடம் ஐந்தாம் வகுப்புக்கும் நடத்துகிறேன். ஒரு வகுப்புக்கு நடத்தும்போது மற்ற வகுப்பிடம் பாடத்தைப் பார்த்து எழுதச் சொல்கிறேன். எழுதி முடித்தவர்கள் பேசத் தொடங்குகிறார்கள்; அவர்களை அமைதிப்படுத்துவதிலேயே எஞ்சிய நேரம் கரைந்துவிடுகிறது. ஐந்தாம் வகுப்பிலேயே எழுத்துக்கூட்டி வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளும் உண்டு, கொடுத்த கணக்கை நொடியில் முடித்துவிட்டு அடுத்தவர் நோட்டை எட்டிப் பார்க்கும் பிள்ளைகளும் உண்டு.

செய்து பார்க்க வேண்டிய செயல்பாடுகளை வெள்ளிக்கிழமை பிற்பகலுக்கென்று பாடக்குறிப்பேட்டில் எழுதி வைக்கிறேன். வாரத் தேர்வுத் தாள்களைத் திருத்துவதும், வளரறி மதிப்பீட்டை (பாடம் நடக்கும்போதே பிள்ளைகளின் கற்றலை மதிப்பிடுவது) செயலியில் பதிவதும், விடுபட்ட பதிவேடுகளை முடிப்பதும் அதே பிற்பகலில்தான் வந்து சேர்கின்றன. செயல்பாடு அடுத்த வாரக் குறிப்பேட்டுக்கு அப்படியே இடம்பெயர்கிறது.

பல வகுப்புகளைச் சேர்த்து நடத்திய அனுபவமுள்ளவர்கள் வாரத்தை எவ்வாறு பிரிக்கிறீர்கள்? ஒரு வாரத்துக்கு ஒரு பொருள் என்று எடுத்துக்கொண்டு எல்லாப் பாடங்களையும் அதனுடன் இணைக்கலாமா? வாரத் தேர்வு கட்டாயம் வேண்டுமா? பொதுவான அறிவுரையைக் காட்டிலும், திங்கட்கிழமை காலையில் வகுப்பறைக்குள் நுழைந்ததும் என்ன செய்வது என்ற அளவில் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1
முல்லையாற்றுக்கரை (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்)

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு, செயல்பாட்டை வெள்ளிக்கிழமையிலிருந்து எடுத்துத் திங்கட்கிழமையில் வையுங்கள். மற்ற மாற்றங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பாடம் நடத்தி முடித்தபின் மிச்ச நேரத்தில் செய்வதுதான் செயல்பாடு என்று வைத்துக்கொண்டால், மிச்ச நேரம் எந்த வாரத்திலும் கிடைக்காது. திங்களன்று பிள்ளைகள் ஒன்றைச் செய்து பார்த்துவிட்டால், அடுத்த நான்கு நாள்களுக்குப் பேசுவதற்கும் எழுதுவதற்கும் கணக்கிடுவதற்கும் சரக்கு கையில் இருக்கும். ஒரு வகுப்புக்கு நடத்தும்போது மற்ற வகுப்புக்கு என்ன வேலை தருவது என்ற உங்கள் கேள்விக்கும் அதிலேயே பாதி விடை இருக்கிறது.

இரண்டாவதாக, இரண்டு வகுப்புகளின் கணக்குப் பாடநூல்களையும் அருகருகே விரித்துப் பாருங்கள். வடிவியல், எண்கள், அமைப்புகள், அளவைகள், காலம் என்று அலகுகளின் தலைப்புகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். ஆழம் மட்டும் கூடியிருக்கும். ஆகவே கணக்கை இரண்டு பாடமாக நடத்த வேண்டியதில்லை. முதல் பதினைந்து நிமிடம் இரு வகுப்புக்கும் பொதுவாகத் தொடங்கி, பிறகு வேலையை மட்டும் பிரித்துக் கொடுத்தால் போதும்.

நான் பல ஆண்டுகள் ஜூன் மாதத்தில் செய்துவந்த ஒன்றைச் சொல்கிறேன். பள்ளி வளாகத்தில் நாள் முழுவதும் வெயில் விழும் இடமாகப் பார்த்து, ஒரு மீட்டர் உயரத்துக்கு ஒரு குச்சியைச் செங்குத்தாக நட வேண்டும். காலை 10 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை ஒவ்வொரு மணிக்கும் இரண்டு பிள்ளைகள் வெளியே சென்று நிழலின் நுனியில் ஒரு கூழாங்கல்லை வைத்து, அளவுநாடாவால் நீளத்தை அளந்து வர வேண்டும். நான்காம் வகுப்பினர் அளந்ததைச் சென்டிமீட்டரில் அட்டவணையாக எழுதுவார்கள். ஐந்தாம் வகுப்பினர் அதையே மீட்டர், சென்டிமீட்டராக மாற்றி, மணிக்கு மணி எவ்வளவு குறைந்தது, எவ்வளவு கூடியது என்று கழித்துப் பார்த்து, கட்டத்தாளில் பட்டை வரைபடமாக வரைவார்கள். காலை 10 மணிக்கு முக்கால் மீட்டர் அளவில் இருக்கும் நிழல் நண்பகலில் கால் மீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும். கால் மீட்டர் என்றால் 25 சென்டிமீட்டர் என்பதை அதன்பிறகு பலகையில் எழுதிப் போட வேண்டிய தேவை எனக்கு ஏற்பட்டதில்லை.

இதில் பிள்ளைகளை உட்கார வைத்து யோசிக்க வைக்கும் இடங்கள் இரண்டு. உச்சி வெயில் 12 மணிக்கு என்றுதான் எல்லோரும் எண்ணியிருப்பார்கள், 11.45 முதல் 12.45 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளக்கச் சொன்னால், 12.20 வாக்கில்தான் நிழல் மிகவும் குறுகியிருப்பது தெரியவரும். இந்தியத் திட்ட நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கக்கோட்டைக் கொண்டு கணக்கிடப்படுகிறது, நம் ஊர் அதற்கு மேற்கே இருப்பதால் சூரியன் இங்கே உச்சிக்கு வரச் சற்றுத் தாமதமாகிறது என்று உலக உருண்டையைக் காட்டிச் சொன்னால் சமூக அறிவியலும் வந்து சேர்ந்துகொள்கிறது. மற்றொன்று, ஜூன் மாதத்தில் நண்பகல் நிழல் தெற்குப் பக்கம் விழும். ஏப்ரல் இடைப்பகுதியிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உங்கள் பகுதியில் நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்பதுதான் காரணம். டிசம்பரில் இதே குச்சியை நட்டுப் பார்த்தால் நிழல் வடக்கே விழுந்து, ஜூன் மாதத்தைவிட இரு மடங்குக்கும் மேல் நீண்டிருக்கும். முதல் பருவத்து அட்டவணையை அதுவரை சுவரிலேயே விட்டு வையுங்கள்.

ஒரே பொருளில் எல்லாப் பாடங்களையும் திணிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நிழலோடு கணக்கும் அறிவியலும் தமிழில் எழுதும் பயிற்சியும் இயல்பாகச் சேர்கின்றன. செய்யுளையும் இலக்கணத்தையும் அதனுடன் வலிந்து கட்ட வேண்டியதில்லை.

பதில் 2
வட்டாரத்திலிருந்து (ஆசிரியர் பயிற்றுநர்)

முன்னவர் சொன்னதை ஏற்றுக்கொண்டு, மதிப்பீட்டைப் பற்றியும் குழுப் பிரிப்பைப் பற்றியும் மட்டும் எழுதுகிறேன். அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் உறுதிசெய்வதற்கான தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-இல் முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கப்பட்டு, 2023-24 கல்வியாண்டில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிவானது. பிள்ளைகளின் கற்றல் நிலையைக் குறிக்கும் அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளை நாம் பெரும்பாலும் செயலியில் பதிவதற்கான தகவலாக மட்டுமே பார்க்கிறோம். உங்களைப் போல இரு வகுப்புகளைச் சேர்த்து நடத்துபவர்களுக்கு உண்மையான பயன் வேறிடத்தில் இருக்கிறது. வாசிப்பு நேரத்தில் வகுப்பு என்ற கோட்டை அழித்துவிட்டு, எழுத்துக்கூட்டி வாசிக்கத் தடுமாறும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையையும் அதே நிலையிலுள்ள நான்காம் வகுப்புப் பிள்ளையையும் ஒரே குழுவில் உட்கார வைக்கலாம். ஆனால் நிலையின் பெயரைச் சொல்லிப் பிள்ளைகளை அழைக்கும் வழக்கம் சில வகுப்பறைகளில் இருக்கிறது, அது கூடாது. நிலை ஆசிரியரின் பதிவேட்டோடு நிற்கட்டும். கணக்குக் குழு வேறாகவும் தமிழ்க் குழு வேறாகவும் இருந்தால், எந்தப் பிள்ளையும் எப்போதும் கடைசிக் குழுவிலேயே இருக்க நேராது.

வெள்ளிக்கிழமை ஐந்து பாடங்களுக்கும் எழுத்துத் தேர்வு வைப்பதைக் கைவிடலாம் என்பது என் கருத்து. அதற்குப் பதிலாக, நாளுக்கு நான்கைந்து பிள்ளைகளைத் தனித்தனியாக அருகில் அழைத்து, பாடநூலுக்கு வெளியிலிருந்து ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் எண்ணிக்கைக்கு ஐந்து நாள்களில் 21 பேரும் ஒரு சுற்று வந்துவிடுவார்கள். பள்ளிக் கல்வித் துறையின் சிறுவர் இதழான ஊஞ்சலும், அத்துறையின் வாசிப்பு இயக்கம் வெளியிட்ட நுழை, நட, ஓடு, பற என்ற வரிசையிலுள்ள சிறு நூல்களும் இதற்கு ஏற்றவை. பதினைந்து நிமிடம் வாசிப்பு மூலையில் உட்கார வைப்பதால் மட்டும் எந்தப் பிள்ளையும் வாசிக்கப் பழகுவதில்லை. பக்கங்களைப் புரட்டிப் படம் பார்த்துவிட்டு எழுந்துவிடுகிறது. வாசித்ததை யாரோ ஒருவர் கேட்க வேண்டும்.

கணக்குக்குப் புதன்கிழமை காலையில் ஐந்தே கணக்குகள் கொடுத்து, பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டு திருத்துங்கள். கடன் வாங்கிக் கழிக்கும்போது எந்த இடத்தில் பிசகுகிறது என்பது அந்த ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். வீட்டில் உட்கார்ந்து சிவப்பு மையால் போடும் மதிப்பெண்ணில் அது தெரியாது. புதனன்று தெரிந்துகொண்டால் வியாழனும் வெள்ளியும் சரிசெய்வதற்குக் கையில் இருக்கின்றன.

நேரம் போதவில்லை என்ற கவலைக்காக ஒன்று. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள்களையும் 800 கற்பித்தல் மணிகளையும் குறைந்த அளவாக வைக்கிறது. நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் என்று ஆகிறது. அந்த நான்கு மணி நேரத்தில் உங்கள் குரல் ஒலிக்கும் நேரத்தை எண்ணாமல், ஒவ்வொரு பிள்ளையும் எதையாவது செய்துகொண்டிருந்த நேரத்தை எண்ணிப் பாருங்கள். பாதியாகப் பிரித்து நடத்தும் முறையில் அது இரண்டு மணி நேரத்துக்குமேல் தேறாது.

பதில் 3
ஐந்தாம் வகுப்பு மாணவியின் தந்தை

ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம். வேறு பள்ளி ஒன்றின் மேலாண்மைக் குழுவில் உறுப்பினராக இருக்கிறேன். எங்கள் தரப்பையும் சொல்ல அனுமதிக்க வேண்டும். பிள்ளை வீட்டுக்கு வந்ததும் நாங்கள் முதலில் பார்ப்பது நோட்டைத்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளை தனியார் பள்ளியிலிருந்து நாள்தோறும் நான்கு பக்கம் வீட்டுப்பாடம் கொண்டுவரும்போது, எங்கள் பிள்ளை வெயிலில் குச்சி நட்டு அளந்தோம் என்று சொன்னால், பள்ளியில் விளையாட விட்டுவிட்டார்களோ என்ற எண்ணம் வருவது இயல்பு. வாரத் தேர்வையும் எடுத்துவிட்டால், பிள்ளை எப்படிப் படிக்கிறது என்பதை எங்களைப் போன்றவர்கள் எதைக் கொண்டு தெரிந்துகொள்வது? குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. பெற்றோர் கண்ணுக்குத் தெரியும்படி ஏதேனும் ஒன்று வாரந்தோறும் வீட்டுக்கு வர வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

மறுமொழி
கரிசல் ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. வரும் வாரத்தைப் பின்வருமாறு அமைத்திருக்கிறேன். திங்கள் முழுவதும் நிழல் அளத்தல். ஒவ்வொரு முறையும் நான்காம் வகுப்பிலிருந்து ஒருவரும் ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒருவரும் சேர்ந்து வெளியே செல்வார்கள். செவ்வாயன்று நான் ஐந்தாம் வகுப்புக்கு வரைபடம் வரையக் கற்பிக்கும்போது நான்காம் வகுப்பினர் அட்டவணையைப் பார்த்து ஐந்து கேள்விகளைத் தாங்களே எழுத வேண்டும். பிற்பகலில் ஐந்தாம் வகுப்பினர் அந்தக் கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும். புதன்கிழமை ஐந்து கணக்குகள். வியாழனன்று திங்கட்கிழமை கண்டதைத் தமிழில் எழுதுவார்கள். நான்காம் வகுப்புக்கு ஐந்து தொடர்கள், ஐந்தாம் வகுப்புக்கு இரண்டு பத்திகள். வாசிப்பைக் கேட்பது நாள்தோறும் காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்தவுடன் நடக்கும்.

ஆசிரியர் பயிற்றுநர் அவர்களின் கருத்தில் ஒன்றை மட்டும் நான் பின்பற்றப் போவதில்லை. வெள்ளிக்கிழமைச் சொல்வதெழுதலை நிறுத்த மாட்டேன். பத்துச் சொற்கள்தான், பத்து நிமிடம்தான். எழுதிய தாள் அன்று மாலையே வீட்டுக்குச் செல்கிறது. மேலே எழுதியிருக்கும் தந்தை அவர்கள் கேட்பதும் அத்தகைய ஒன்றைத்தான். ஐயா, அந்தத் தாளின் பின்பக்கத்தில் அந்த வாரம் பிள்ளை செய்ததைப் பிள்ளையின் கையெழுத்திலேயே நான்கு வரி எழுதச் செய்து அனுப்பலாம் என்று எண்ணுகிறேன். படித்துப் பார்த்துப் பெற்றோர் கையொப்பமிட்டு அனுப்பினால் எனக்கும் ஒரு பதிவாக இருக்கும். படிக்கத் தெரியாத பெற்றோருக்குப் பிள்ளையே படித்துக் காட்டட்டும்.

இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. இந்தத் திட்டத்தில் ஆங்கிலத்துக்கு இடமே அமையவில்லை. அடுத்து, திங்களன்று வானம் மூடிக்கொண்டால் என்ன செய்வது?

பதில் 4
முல்லையாற்றுக்கரை

ஆங்கிலத்தை வாரப் பொருளிலிருந்து விலக்கி, நாள்தோறும் மதிய உணவுக்கு முன் இருபது நிமிடம் இரு வகுப்புக்கும் சேர்த்துப் பேச்சுப் பயிற்சியாக வையுங்கள். அந்த வயதில் நான்காம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் ஆங்கிலப் பேச்சில் பெரிய இடைவெளி இருப்பதில்லை. விரும்பினால் அட்டவணையைக் காட்டி லாங், லாங்கர், ஷார்ட், ஷார்ட்டர் என்ற நான்கு சொற்களில் வாக்கியம் சொல்லச் செய்யலாம். அதற்குமேல் இழுக்க வேண்டாம்.

அட்டைகளைக் கொண்டு பிள்ளைகள் தாங்களே கற்ற செயல்வழிக் கற்றல் காலத்தில் சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளைகளுக்கென்று பூசிய கரும்பலகை உங்கள் அறையில் இன்னும் இருக்குமானால், வெள்ளையடிக்க வருபவர்கள் அதை மறைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த முறைக்கு முன்மாதிரியாக அமைந்த ஆந்திரத்தின் ரிஷிவேலி பள்ளியினர் உருவாக்கிய அட்டைகள், உங்கள் அறையைப் போலப் பல வகுப்புகளை ஒரே ஆசிரியர் நடத்தும் கிராமப் பள்ளிகளுக்காகவே உருவாக்கப்பட்டவை. அட்டைகள் போய்விட்டாலும் பலகை பயன்படும். நீங்கள் ஒரு வகுப்புக்கு நடத்தும்போது மற்ற வகுப்பினர் அங்கே கணக்கைப் போட்டால், திரும்பிப் பார்த்த அளவில் யார் எங்கே நிற்கிறார் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். நோட்டில் போட்டால் ஒவ்வொன்றாக எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

வானம் மூடிக்கொண்டால் அளக்கும் வேலையை நிறுத்த வேண்டாம். அந்த மணிக்குரிய கட்டத்தில் மேகம் என்று எழுதச் சொல்லுங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் முந்தைய மணியின் அளவையும் பிந்தைய மணியின் அளவையும் பார்த்து, விடுபட்ட நிழல் எவ்வளவு நீளம் இருந்திருக்கும் என்று மதிப்பிட்டு, அதைப் பென்சிலால் புள்ளிக்கோடாக வரையட்டும். மறுநாள் வெயில் அடித்தால் அந்த மணிக்கு மட்டும் மறுபடி அளந்து சரிபார்த்துக்கொள்ளலாம். ஒரே மணிக்குரிய நிழலின் நீளம் ஒரு நாள் இடைவெளியில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மாறிவிடாது.