கடும் வருத்தத்தில கிடக்கிற நாய்: ரத்தத்தில கண்டது (மூண்டு பேர் தங்கட ஊர்ப்பேரில கதைக்கினம்)

கொக்குவில்
நாலு வயசுப் பெட்டை நாய். மூண்டு நாளாச் சத்தி, வயிற்றோட்டம். பாவோ (குடலைத் தாக்கிற வைரஸ் நோய்) எண்டுதான் சேலைன் ஏறினது. பின்தொடையின்ர உட்பக்கம் விரல் வைச்சு எண்ணினால் நாடி நிமிசத்துக்கு 56! முரசு வெளிறி, காது குளிர்ந்து விழுந்து கிடக்கிற நாய்க்கு 140ஐத் தாண்டி ஓடவேணும். ரத்த றிப்போட்டில வெள்ளணு வகையளான லிம்போசைற் 3400, இயோசினோபில் 900. ரெண்டும் வரம்புக்குள்ள எண்டு ஆரும் திரும்பிப் பார்க்கேல்லை. பிழையே அதுதான். இவ்வளவு வருத்தத்தில கோர்ட்டிசோல் (நெருக்கடியில அட்ரீனல் சுரக்கிற ஹோர்மோன்) கூடி லிம்போசைற்றை 1000க்குக் கீழ தள்ளியிருக்க வேணும், இயோசினோபில் இல்லையெண்ட அளவுக்குப் போயிருக்க வேணும். பிறகு பார்த்தால் சோடியம் குறைஞ்சு 131, பொட்டாசியம் கூடி 7.3. அட்ரீனல் சுரப்பி வேலை செய்யேல்லை, அடிசன் நோய். பொட்டாசியம் கூடினதாலதான் இதயம் மெதுவாகினது.

சாவகச்சேரி
சோடியத்தைப் பொட்டாசியத்தால பிரிச்சு 27க்குக் கீழ வந்தவுடன அடிசன் எண்டு முடிவு கட்டாதேங்கோ. குடலில சாட்டைப்புழு கனக்க இருந்தாலும் இதே கணக்குத்தான் வரும், மலத்தையும் பாருங்கோ. கோர்ட்டிசோல் டெசிலீற்றருக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல எண்டால் அடிசனை அநேகமா விட்டிடலாம். குறைஞ்சால் ஏசிடிஎச் (அட்ரீனலைக் கோர்ட்டிசோல் சுரக்கத் தூண்டுற ஹோர்மோன்) ஊசி, கிலோவுக்கு 5 மைக்ரோகிராம், ஒரு மணித்தியாலத்தால ரெண்டாவது ரத்தம். இதுக்கு முதல் பிரெட்னிசொலோன் எண்ட ஸ்டீரொயிட் குளிசை குடுத்திருந்தால் சோதனை கெட்டுப்போகும், கருவி அதையும் கோர்ட்டிசோல் எண்டு எண்ணும். அவசரத்துக்கு டெக்சாமெதசோன் எண்ட ஸ்டீரொயிட்டைப் போடலாம், கருவி அதை எண்ணாது.

பருத்தித்துறை
கோர்ட்டிசோல் கூடினால் நல்லது எண்ட மாதிரியெல்லோ மேல கதைக்கிறியள்! உண்மையான பாவோக் குட்டியள்ள முதல் ரெண்டு நாளும் கோர்ட்டிசோல் இறங்காமல் நிக்கிறதுகள்தான் கூடச் சாகுது. தென்னாபிரிக்காவில அளந்து பார்த்த விசயம். அழற்சியைத் தனிய அறிய சிஆர்பி (அழற்சி வந்தால் ரத்தத்தில கூடுற புரதம்) பாருங்கோ. 4 முதல் 6 மணித்தியாலத்தில ஏறத் தொடங்கும், 24 முதல் 48க்குள்ள உச்சம். ஒருநாள் எண்ணை நம்பாதேங்கோ, நாளாந்தம் இறங்குதா எண்டதுதான் முக்கியம். வெள்ளணுவில முதிராத நியூட்ரோபில் கண்டால் அது வெறும் பதற்றமில்லை, உள்ளுக்க அழற்சி. இன்னொண்டு: அழற்சி குறையட்டும் எண்டு ஸ்டீரொயிட்டையும், ஸ்டீரொயிட் இல்லாத அழற்சி குறைக்கிற வலி ஊசியையும் ஒண்டாப் போடவே கூடாது, குடல் புண்பட்டு ஓட்டையாகும். மனிசருக்குக் குடுக்கிற இபுபுரூபன், பரசிற்றமோலைத் தொடவே வேண்டாம். காய்ச்சலைக் கையால தொட்டுச் சொல்லாதேங்கோ, வெப்பமானியை ஆசனவாயில வையுங்கோ. 39.2க்கு மேல போனாலும் 38.1க்குக் கீழ இறங்கினாலும் கவனம், நாடியையும் மூச்சையும் எண்ணி எழுதி வையுங்கோ.

கொக்குவில்
சாவகச்சேரி அண்ணை, மலத்தில புழு இல்லை. ஏசிடிஎச்சுக்கு முதலும் பிறகும் கோர்ட்டிசோல் 1க்குக் கீழதான். இப்ப புளூட்ரோகோர்ட்டிசோனோட (சோடியம், பொட்டாசியத்தைச் சமப்படுத்துற மருந்து) சின்ன அளவு பிரெட்னிசொலோன். கோயில் திருவிழாவில வெடி கொளுத்துற நாளில மட்டும் பிரெட்னிசொலோன் ரெண்டு மடங்கு, வெடி துவங்க ஒரு மணித்தியாலம் முன்னம். அந்தப் பயத்துக்கு வேண்டிய கோர்ட்டிசோலை அதால சுரக்க ஏலாது.