165 ஹெர்ட்ஸ் விஏ மானிட்டர்: ரெஸ்பான்ஸ் டைமை எதில் வைப்பது?

நிலவன்:
27 அங்குல விஏ (எல்சிடி திரைகளில் ஒரு வகை) பேனல். ரெஸ்பான்ஸ் டைமுக்கு, அதாவது பிக்சல் நிறம் மாற எடுக்கும் நேரத்துக்கு, நார்மல், ஃபாஸ்ட், எக்ஸ்ட்ரீம் என்று மூன்று நிலைகள். பெட்டியில் 1 மில்லிசெகண்ட் என்று போட்டிருந்ததால் எக்ஸ்ட்ரீமில் வைத்திருக்கிறேன். ஓடுகிற ஆளுக்குப் பின்னால் வெளிர்நிற விளிம்பு ஒன்று ஒட்டிக்கொண்டே வருகிறது. கேமின் வேகத்துக்கு ஏற்பத் திரையின் வேகத்தை மாற்றும் அடாப்டிவ் சிங்க்கை ஆன் செய்தால் லோடிங் திரையில் வெளிச்சம் படபடக்கிறது. பேனல் பழுதா?

மாறன்:
பழுதெல்லாம் இல்லை. அந்த விளிம்புக்குப் பெயர் ஓவர்ஷூட். பிக்சலைச் சீக்கிரம் மாற்ற ஓவர்டிரைவ் கூடுதல் மின்னழுத்தம் கொடுக்கும்; உங்கள் மூன்று நிலைகளும் அதன் அளவுகள்தான். எக்ஸ்ட்ரீமில் பிக்சல் நிற்க வேண்டிய நிறத்தைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்புகிறது. பெட்டியில் இருக்கும் 1 விளம்பர எண், விடுங்கள். 165 ஹெர்ட்ஸில், அதாவது திரை நொடிக்கு 165 முறை புதுப்பிக்கும்போது, ஒரு ஃப்ரேமுக்கு 6 மில்லிசெகண்ட் சொச்சம் கிடைக்கிறது. ஃபாஸ்ட் போதும். இருட்டுக் காட்சிகளில் கருநிழல் இழுபடுவது விஏவுக்கே உரிய குணம், எந்த நிலையிலும் முழுதாகப் போகாது.

நிலவன்:
ஃபாஸ்டில் 150 எஃப்பிஎஸ்ஸுக்கு (கேம் நொடிக்குத் தரும் ஃப்ரேம்கள்) மேல் சுத்தமாக இருக்கிறது. கனமான கேமில் 70க்கு இறங்கினால் விளிம்பு மறுபடி எட்டிப் பார்க்கிறதே?

செல்வி:
அடாப்டிவ் சிங்க்கில் எஃப்பிஎஸ் இறங்கினால் ஹெர்ட்ஸும் கூடவே இறங்கும். 6 மில்லிசெகண்டில் முடிந்த அதே தள்ளல் 70இல் 14 மில்லிசெகண்ட் நீள்கிறது. வேகத்துக்கு ஏற்ப ஓவர்டிரைவைத் தானே குறைக்கும் மானிட்டர்களும் உண்டு, உங்களுடையது அந்த ரகம் இல்லை போலிருக்கிறது. அந்த கேமுக்கு நார்மல் வைத்துக்கொள்ளுங்கள்.

படபடப்பு வேறு விஷயம். ஹெர்ட்ஸ் மாறும்போது விஏவில் வெளிச்சமும் லேசாக மாறும். லோடிங்கில் எஃப்பிஎஸ் தாறுமாறாக ஏறி இறங்குவதால் அது கண்ணில் படுகிறது. சிங்க் எல்லை பெரும்பாலும் 48இலிருந்து தொடங்கும். அதற்குக் கீழே போனால் ஒரே ஃப்ரேமை இரண்டு முறை காட்டும். அதனால் 47 எஃப்பிஎஸ் வந்தால் திரை சட்டென்று 94 ஹெர்ட்ஸுக்குத் தாவும். விளையாடும்போதும் படபடத்தால் கிராஃபிக்ஸைக் கொஞ்சம் குறைத்து 60க்கு மேலேயே வைத்திருங்கள். லோடிங் திரையை மட்டும் என்றால் நான் கண்டுகொள்ள மாட்டேன்.

மாறன்:
அப்புறம், எஃப்பிஎஸ்ஸை 160இல் கட்டுங்கள். 165ஐத் தொட்டால் சிங்க் எல்லையை விட்டு வெளியே போய்விடும், படம் குறுக்கே வெட்டுப்பட்டதுபோல் கிழிய ஆரம்பிக்கும்.

நிலவன்:
கனமான கேமுக்கு நார்மல், மற்றதுக்கு ஃபாஸ்ட், 160 கேப். விளிம்பு போய்விட்டது. லோடிங் படபடப்பு அப்படியே இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். மெனுவில் எம்பிஆர்டி மட்டும் மங்கலாகத் தெரிகிறது, தேர்ந்தெடுக்க முடியவில்லை.

செல்வி:
அது பின்னொளியை அணைத்து அணைத்து எரியவிடும் வசதி. பெரும்பாலான மானிட்டர்களில் அடாப்டிவ் சிங்க்கோடு சேர்ந்து ஓடாது. சிங்க்கை அணைத்தால் திறக்கும், ஆனால் வெளிச்சம் குறையும்.