மறு: 'எக்ஸ்டிங்ஷன் பர்ஸ்ட்': அழிவு வெடிப்பா, அணைசுடரா?

அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமாகக் கிடைத்த பலனை நிறுத்தினால், ஒரு பழக்கம் ஓய்வதற்கு முன் கொஞ்ச காலம் கூடுவதை 'எக்ஸ்டிங்ஷன் பர்ஸ்ட்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் ஒரு சொல் கேட்டதற்கு இத்தனை மடல் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நான் ஏதோ அகராதி வேலைக்காகக் கேட்டதாகச் சிலர் நினைத்துவிட்டீர்கள். இல்லை, எனக்கு அது அம்மாவுக்காக வேண்டும்.

எங்கள் வீட்டில் பட்டாணி என்றொரு டாஷ்ஹண்ட் நாய். மூன்று வயது, ஒன்பதரைக் கிலோ. நீண்ட முதுகு, குட்டைக் கால். இந்த வகைக்கு முதுகில் டிஸ்க் நழுவும் ஆபத்து அதிகம், எடையைக் குறைத்தே ஆகவேண்டும் என்று கால்நடை மருத்துவர் கறாராகச் சொல்லிவிட்டார். எடை ஏறிய வழி ராத்திரி தோசை. நாங்கள் சாப்பிட உட்கார்ந்தால் நாற்காலிக்கடியில் வந்து குரைக்கும், அம்மா ஒரு விள்ளல் போடுவார். அதை நிறுத்தினோம். முதல் நாள் வழக்கமான குரைப்புதான். மூன்றாம் நாள் இரண்டு மடங்கு. அது போதாதென்று அதுவரை செய்யாததெல்லாம் செய்தது: காலைப் பிறாண்டியது, முந்தானையைக் கவ்வி இழுத்தது, தன் காலித் தட்டை மூக்கால் தள்ளிக்கொண்டு கூடம் முழுக்கச் சுற்றியது.

பயிற்சியாளருக்குப் போன் போட்டேன். "எக்ஸ்டிங்ஷன் பர்ஸ்ட் சார், பயப்படாதீங்க, விட்டு மட்டும் குடுத்துடாதீங்க" என்றார். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "என்னடா, வெடிக்குமா?" என்றார். நான்காம் நாள் மனசு கேட்காமல் அரைத் தோசை போட்டுவிட்டார். குரைத்தால் பத்தாது, முந்தானையை இழுத்தால்தான் தோசை என்று பட்டாணிக்குப் பாடமாகிவிட்டது. முன்கூட்டியே அம்மாவுக்குப் புரிகிற மாதிரி ஒரு சொல் கையில் இருந்திருந்தால் அந்த அரைத் தோசை மிஞ்சியிருக்கும்.

இனி உங்கள் பரிந்துரைகள்.

> அழிவு வெடிப்பு. நேரடியாக இருக்கிறது, குழப்பம் இல்லை.

மன்னிக்கவும், குழப்பமே இதில்தான். இது டைனோசருக்கும் கேஸ் சிலிண்டருக்கும் பொருந்தும், நாய்க்குப் பொருந்தாது. 'அழிவு' என்பது தகவலாகவே தப்பு. ரஷ்ய விஞ்ஞானி பாவ்லவ் தன் நாய்களிடம் கண்டது என்ன? உணவோடு சேர்த்துப் பழக்கிய ஒலி வந்தும் உணவு வராமலே போனால் உமிழ்நீர் குறைந்துகொண்டே வந்து நின்றுவிடும். சற்று நேரம் விட்டு மறுபடி ஒலித்தால் கொஞ்சம் ஊறும். கற்றது அழியவில்லை, அடங்கிக் கிடக்கிறது. ஊருக்குப் போயிருந்த அத்தை திரும்பி வந்து தோசைக்கு உட்கார்ந்தால் பட்டாணி மறுபடி ஒரு தடவை குரைத்துப் பார்க்கும். அதனால் 'எக்ஸ்டிங்ஷன்' என்பதற்கு 'ஓய்தல்' என்றே வைத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. மழை ஓய்கிறது, அலை ஓய்கிறது, குழந்தை அழுது ஓய்கிறது. ஓய்ந்தது திரும்ப வராது என்று யாரும் நினைப்பதில்லை.

> அணைசுடர். அணையப் போகிற விளக்கு சுடர்விட்டு எரியும் என்பார்களே.

படித்ததும் எழுந்து நின்று கைதட்டத் தோன்றியது. இரண்டு நாள் கழித்துக் கவிதைத் தொகுப்பின் தலைப்பு மாதிரி ஒலித்தது. 'அணை' என்றதும் மேட்டூர் ஒருவருக்கு ஞாபகம் வரும், தழுவுதல் இன்னொருவருக்கு. விளக்கு அணைந்தால் அணைந்ததுதான் என்பதால் மேலே சொன்ன அதே சிக்கலும் உண்டு. அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "திருவிளக்கு பூஜையா?" என்று கேட்டார்.

> கடைமுரண்டு. 'முரண்டு பிடிக்கிறது' என்று ஏற்கெனவே சொல்கிறோமே.

மூன்று நாள் இதன் பக்கம்தான் நின்றேன். உளவியல் கற்பிக்கும் சகோதரி எழுதிய மறுப்புதான் என்னை மாற்றியது: முரண்டு என்றால் குற்றம் விலங்கின் தலையில் விழுகிறது. லிஃப்ட் வராவிட்டால் பொத்தானை நாமும் நாலு தடவை அழுத்தி, ஐந்தாவது தடவை ஓங்கிக் குத்துகிறோம். அதை முரண்டு என்போமா? வந்துகொண்டிருந்த பலன் திடீரென நின்றதால் கூடும் முயற்சி, அவ்வளவுதான்.

டாஷ்ஹண்டுக்கு இன்னொரு நியாயமும் உண்டு. ஜெர்மன் மொழியில் 'டாக்ஸ்' என்றால் பேட்ஜர் என்கிற வளை தோண்டி வாழும் விலங்கு, 'ஹுண்ட்' என்றால் நாய். வளைக்குள் தன்னந்தனியாக இறங்கிப் பேட்ஜரை எதிர்கொள்ள வளர்த்தெடுத்த இனம். மண்ணுக்கடியில் வேட்டைக்காரர் குரல் எட்டாது, எப்போது முன்னேறுவது, எப்போது பின்வாங்குவது என்று நாயே முடிவெடுக்கவேண்டும். நாம் பிடிவாதம் என்கிற குணத்தைத்தான் அந்த நாட்டு வேட்டைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேடிப் பொறுக்கியிருக்கிறார்கள். தோசைக்கு அது பொருந்தவில்லை என்றால் பட்டாணி என்ன செய்யும்?

> ஓய்முன் எழுச்சி, ஓய்முன் சீற்றம், ஓய்முன் உச்சம்

எழுச்சி மாநாட்டுக்குப் போய்விட்டது. சீற்றம் கோபத்தைச் சொல்கிறது, தட்டைத் தள்ளிக்கொண்டு சுற்றியதில் கோபமே இல்லை. உச்சம் அளவை மட்டும் சொல்கிறது. இங்கே அளவு மட்டுமா கூடுகிறது? புதுப்புதுச் சேட்டைகளும் முளைக்கின்றன. கெட்டிக்காரப் பயிற்சியாளர்கள் அந்தப் புதுச் சேட்டைகளில் நல்லதாக ஒன்றைப் பிடித்து, அதற்குத் தீனி கொடுத்து வளர்த்துவிடுகிறார்கள். அதுவும் சொல்லுக்குள் அடங்கவேண்டும்.

ஆகவே என் பரிந்துரை: ஓய்துள்ளல்.

இலக்கணம் பார்ப்பவர்களுக்கு: தேய்பிறை மாதிரி வினைத்தொகை, அதனால் நடுவில் ஒற்று மிகாது. தயவுசெய்து 'ஓய்த்துள்ளல்' என்று திருத்தாதீர்கள். தேய்பிறையும் திரும்ப வளரும் என்பது உபரி லாபம். துள்ளல் என்றால் மகிழ்ச்சி அல்லவா என்று கேட்பீர்கள். "ரொம்பத் துள்ளாதே" என்று பிள்ளையை அதட்டுகிறோம், துள்ளுகிற மாடு பொதி சுமக்கும் என்கிறோம், வலையில் விழுந்த மீனும் துள்ளத்தான் செய்கிறது. துள்ளல் ஓசை தங்கள் பாவுக்கே உரியது என்கிற கலிப்பாக்காரர்கள் பொறுத்துக்கொள்ளவேண்டும்.

ஒரு குறை இருக்கிறது, மறைக்கவில்லை. சொல்லைக் கேட்டால் இது ஒவ்வொரு முறையும் கட்டாயம் வரும் என்று தோன்றும். அப்படி இல்லை. மனிதர்களிடம் செய்த சிகிச்சைகளின் 113 பதிவுகளை நடத்தை ஆய்வாளர்கள் லெர்மனும் இவாட்டாவும் ஆராய்ந்து 1995இல் வெளியிட்டபோது, ஏறத்தாழ கால் பங்கில்தான் இது தெரிந்தது. பலனை நிறுத்துவதோடு வேறு வழியும் சேர்த்துக் கையாண்ட இடங்களில் இன்னும் குறைவு. நாங்களும் இப்போது அதைத்தான் செய்கிறோம். கூடத்து மூலையில் ஒரு மிதியடி. பட்டாணி அதில் போய் உட்கார்ந்தால் வெள்ளரித் துண்டு. குரைத்தால் யாரும் அந்தப் பக்கம் திரும்புவதுகூடக் கிடையாது.

அம்மாவிடம் சொல்லைச் சோதித்தாயிற்று. நேற்று ராத்திரி முந்தானையை இழுத்தபோது, "ஓயப்போற துள்ளல்தானே, துள்ளட்டும்" என்று சொல்லிவிட்டுத் தட்டோடு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். கலைச்சொல்லை அவரே பிரித்துப் பேச்சாக்கிக்கொண்டதால் எனக்கு இதில் நம்பிக்கை கூடியிருக்கிறது.

மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், அதன்பிறகு பட்டியலில் சேர்த்துவிடலாம். அடுத்தது 'கிளிக்கர்', அதாவது நாய்ப் பயிற்சியில் 'கிளிக்' என்று ஒலிக்க வைக்கும் சின்னக் கருவி. கணினிக்காரர்கள் சொடுக்கியை ஏற்கெனவே சுட்டெலிக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

அன்புடன்,
பட்டாணி வீட்டுக்காரன்